பதினேழில் இருந்து தொடங்குங்கள்

மேஜர் சூறாவளியை எந்தப் புத்தகத்தில் இருந்து வாசிக்கத் தொடங்குவது என்பதில் எனக்கும் என் அண்ணன் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கும் பன்னிரண்டு வருடச் சண்டை. மற்ற வீடுகளில் காணிக்கும் சீதனத்துக்கும் அடிபடுவார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லாதபடியால் ஒரு படக்கதைக்கு அடிபட்டோம்.

வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் டோரின் மிசி வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருந்தோம். முன்னறை லெண்டிங் லைப்ரரி, பின்னறை வீடு. அண்ணன் மருதானையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர் கிளார்க். லைப்ரரி என்னுடைய ராச்சியம். நாவல்கள், மாத சஞ்சிகைகள், இரண்டு அலுமாரி நிறைய மேஜர் சூறாவளி.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆள் ஒருவன்தான், பிறப்புத்தான் பல. முதலில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் தினம் மூன்று கட்டமாக வந்தான். அதில் அவன் காற்றையும் மழையையும் ஆராய்கிற விஞ்ஞானி. சிவகாசிக்காரர் தமிழில் போட்டபோது அவனைப் பட்டாளத்து மேஜர் ஆக்கி, முகமூடிக்குக் கீழே ஒரு மீசையும் வைத்துவிட்டார்கள். எழுபதுகளில் இந்தியப் புத்தகங்கள் வராமல் நின்ற காலத்தில் கொழும்பு அச்சகம் ஒன்று தன்பாட்டுக்குப் போட்ட பதிப்பு வேறு. அதில் கதைகள் முன்னுக்குப் பின். கடைசியாக ரீவியில் சிங்களம் பேசுகிற கார்ட்டூனாக வந்தான். அங்கே அவன் பெயர் சுளி குமாரயா, ராசகுமாரன். ஐந்து தரம் செத்துப் பிழைத்திருக்கிறான். இரண்டு தரம் கலியாணம் முடித்து, இரண்டு தரமும் அது நடக்கவில்லை என்று அடுத்த புத்தகத்தில் சொல்லிவிட்டான்.

இதனால் புதிதாக வருகிறவர்கள் அலுமாரிக்கு முன்னால் திகைத்து நின்று கேட்பார்கள்: "எதில இருந்து தொடங்கிறது?"

"ஒண்டில இருந்து" என்பார் அண்ணன். "ஒண்டு எண்டு ஒரு இலக்கம் வேற என்னத்துக்கு இருக்கு?"

நான் பதினேழு என்பேன். அதுவும் கொழும்புப் பதிப்புப் பதினேழு. அதில் மேஜர் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்விழிக்கிறான். தான் யார் என்று அவனுக்குத் தெரியாது. வாசிக்கிறவனுக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்கலாம். இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். அண்ணன் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒன்று என்றுதான் சொல்வார். எங்கள் லைப்ரரிக்கு வந்து போன எல்லாருக்கும் அது தெரியும்.

இது தொண்ணூற்றாறாம் ஆண்டு. தை மாதத்தில் மத்திய வங்கியில் குண்டு. ஜூலையில் தெகிவளையில் ரயிலில் குண்டு. அண்ணன் தினமும் போவது அதே பாதை ரயிலில். அவர் வெளிக்கிடும்போது அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கடை முதலாளியின் கடிதம் மூன்றும் இருக்கிறதா என்று நான் மூன்று தரம் கேட்பேன். பின்னேரம் பத்து நிமிடம் பிந்தினால் கேற்றடியில் போய் நிற்பேன். பயப்படுவதில் என்னை மிஞ்ச அந்த ஒழுங்கையில் ஆள் இல்லை. அப்படிப்பட்ட நான்தான் அந்தக் கடுதாசியை அவருடைய சட்டைப் பையில் வைத்தேன்.

நஸீறா டீச்சர் மருதானையில் படிப்பிக்கிறவர், தெகிவளையில் வீடு. ஒரு சனிக்கிழமை வந்தபோது, தன் மகளோடு இருந்து சுளி குமாரயா பார்க்கத் தொடங்கியதாகவும், இப்போது புத்தகமாக வாசிக்க விருப்பம் என்றும் சொன்னார். "எங்க இருந்து தொடங்குறது, அன்னம்?" என்று கேட்டார். அண்ணன் மீன் வாங்கப் போயிருந்தார். எனக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? முறையாக ஒழுங்குபடுத்தி எழுதித் தருகிறேன் என்றேன்.

ஞாயிறு முழுக்க இருந்து எழுதினேன். இடப்பக்கம் வாசிக்க வேண்டிய ஒழுங்கு, வலப்பக்கம் புத்தகத்தின் இலக்கம், தலைப்பு, எந்தப் பதிப்பு என்ற விபரம். மேலே "மேஜர் சூறாவளி" என்று தலைப்பிட்டு அடிக்கோடும் போட்டேன். 1 – 17, கொழும்பு. 2 – 18, கொழும்பு. 3 – 4, துறைமுகத்தில் தீ, சிவகாசி. 4 – 22, ரயிலில் மூவர், சிவகாசி. இப்படி முப்பது வரி. என் கையெழுத்து நல்ல வடிவு. எழுதி முடித்துவிட்டு அதை ரசித்தும் பார்த்தேன். மேஜர், துறைமுகம், ரயில், கொழும்பு என்று ஒரு தமிழ்க் கடுதாசியில் எழுதியிருப்பதை வேறொருவர் வாசித்தால் என்ன நினைப்பார் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அது படக்கதை. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை, ஒக்டோபர் பதினாலு. மூன்று பத்திரங்களும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அந்தக் கடுதாசியை மடித்து அவருடைய பையில் வைத்தேன்.

"என்ன இது?"

"நஸீறா டீச்சருக்கு லிஸ்ட். மருதானை ஸ்டேசன் வாசல்ல குடுத்துவிடுங்கோ."

ஒழுங்கு என்னுடையது என்று சொல்லவில்லை. சொன்னால் கொண்டுபோக மாட்டார்.

பத்தரை மணிக்கு டோரின் மிசி வீட்டுக்கு ரெலிபோன் வந்தது. நஸீறா டீச்சர் அழுதுகொண்டு கதைத்தார். ஸ்டேசன் வாசலில் சோதித்தார்களாம். பையில் இருந்த கடுதாசியை விரித்துப் பார்த்தார்களாம். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்களாம். பிறகு ஜீப்பில் ஏற்றினார்களாம்.

டோரின் மிசி என்னைப் பிடித்து இருத்தி, தண்ணீர் தந்து, தன் நல்ல கவுணையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வந்தார். அவர் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர், அறுபது வயது, சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. "அன்னம், அழுறது பிறகு. புத்தகத்தை எடு" என்றார். நான் பதினேழு, பதினெட்டு, நாலு, இருபத்திரண்டு, அவற்றோடு ஒன்றாம் புத்தகத்தையும் ஒரு சொப்பிங் பையில் போட்டேன்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்று சொல்லப்போவதில்லை. இன்றைக்கும் பஸ் அந்த வழியால் போனால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு மணித்தியாலம் மர வாங்கில் இருத்தினார்கள். பிறகு ஒரு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். கதிரை காட்டினார். மேசையில் என் கடுதாசி. ஒவ்வொரு வரிக்குக் கீழும் சிவப்பு மையில் சிங்களத்தில் எழுதியிருந்தது. என் வடிவான கையெழுத்தைப் பார்க்காமல் மேசை விளிம்பைப் பார்த்தேன்.

"கவுத மே மேஜர்?" என்று கேட்டார். யார் இந்த மேஜர்?

நான் புத்தகங்களை எடுத்து மேசையில் பரப்பினேன். டோரின் மிசி ஏதோ சொல்லத் தொடங்க, அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு புத்தகங்களைப் புரட்டினார். மீசைக்காரன் கப்பலில் இருந்து குதிக்கிற படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுதான் சேர், சுளி குமாரயா" என்றேன், எனக்குத் தெரிந்த கடைத்தெருச் சிங்களத்தில்.

"சுளி குமாரயா இளவரசன். என் மகன் பார்க்கிறவன். அவன் மேஜர் இல்லை."

"அது ரீவியில் மாற்றினது, சேர். தமிழில மேஜர். ஆங்கிலத்தில விஞ்ஞானி."

சொல்லிக்கொண்டு போகும்போதே அது எவ்வளவு பெரிய பொய்யாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது.

"சரி, புத்தகம் என்று வைப்போம்" என்றார். விரலைக் கடுதாசியின் முதல் வரியில் வைத்தார். "புத்தகப் பட்டியல் என்றால் ஒன்றுக்கு நேரே ஒன்று இருக்க வேணும். இதில் ஒன்றுக்கு நேரே பதினேழு இருக்கிறது. பதினேழு, கொழும்பு. கதையைப் பதினேழில் இருந்து யார் தொடங்குவார்கள்?"

பன்னிரண்டு வருடமாக அண்ணன் என்னிடம் கேட்ட அதே கேள்வி. அண்ணனுக்கு நான் நூறு மறுமொழி வைத்திருந்தேன். அங்கே ஆஸ்பத்திரி, மறதி, கண்விழித்தல் என்று உளறினேன். சிங்களத்தில் மறதிக்கு என்ன சொல் என்பதே எனக்கு மறந்துபோனது. டோரின் மிசி எடுத்துக்கொடுத்தார்.

"இன்றைக்கு என்ன திகதி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பதினாலு."

அவர் விரலை அந்தப் பதினேழில் இருந்து எடுக்கவில்லை. வியாழக்கிழமை பதினேழு.

அவர் பேனையைத் திறந்தார். "உன் அண்ணனிடம் போய் ஒன்று மட்டும் கேட்கப் போகிறேன். இந்தக் கதையை எதில் இருந்து தொடங்க வேணும் என்று. அவன் என்ன சொல்வான் என்று நீ எனக்கு இப்போது சொல்லு. இரண்டும் சரியாக இருந்தால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் யோசித்ததில்லை. பதினேழு என்று சொன்னால் கடுதாசியோடு பொருந்தும். ஆனால் அண்ணன் அதைச் சொல்லவே மாட்டார். காலையிலிருந்து அந்தக் கடுதாசியை அவருக்குக் காட்டியிருப்பார்கள், என் கையெழுத்து என்று கண்டிருப்பார். என்னைக் காப்பாற்ற நினைத்து வேறு ஏதாவது சொல்லுவாரோ? எந்தப் பக்கம் போனாலும் விழுகிற கிடங்காக இருந்தது. கடைசியில் உண்மையைச் சொல்வோம் என்று முடிவெடுத்தேன். உண்மையைச் சொன்னவருக்கு ஒன்றும் வராது என்று அன்றைக்கு நம்பினேன்.

"ஒன்று என்று சொல்வார், சேர். இந்த ஒழுங்கு என்னுடையது. நான்தான் எழுதினேன். அவருக்கு இது பிடிக்காது. நாங்கள் இதுக்குச் சண்டை பிடிக்கிறனாங்கள்."

அவர் கொப்பியில் எழுதிக்கொண்டார். எழுந்து உள்ளே போனார்.

ஒரே ஒரு கேள்வி. ஒரு சொல்லில் மறுமொழி. நாற்பது நிமிடம் எடுத்தது. பக்கத்து அறையில் ஒருவர் ரைப் அடித்துக்கொண்டே இருந்தார். டோரின் மிசி என் கையை விடவில்லை.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "பதினேழு என்கிறான். கடுதாசியையும் தான்தான் எழுதினதாம்."

எனக்கு அண்ணன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அடுத்த நொடியே அழுகையும் வந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்காத மனிதர், எனக்காக அங்கே போயா விட்டுக்கொடுக்க வேண்டும்? எனக்குப் பழி வரக்கூடாது என்று தன்மேல் போட்டுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"உங்களில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். "பதினேழாந் திகதி போகட்டும். ஒன்றும் நடக்காவிட்டால் பார்ப்போம்."

நடந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. டோரின் மிசியும் கேட்கவில்லை.

செவ்வாயும் புதனும் சோற்றுப் பார்சலோடு போனேன். பார்சலை வாங்கினார்கள், ஆளைக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்தால் லைப்ரரி வாசலில் புத்தகங்கள். எடுத்துப்போனவர்கள் கேற்றுக்கு மேலால் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு வீடு தள்ளி இருந்த பத்மாவதி அக்கா மட்டும் நேரே வந்தார். "பிள்ளை, குறை நினையாதை. ரெஜிஸ்டர்ல என்ர பேர் இருக்கிற பக்கத்தைக் கிழிச்சுத் தா. என்ர மகன் ஏ லெவல் எடுக்கிறான்" என்றார். கிழித்துக் கொடுத்தேன். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

வியாழக்கிழமை விடிந்தது. கொழும்பின் சத்தங்களை அப்படி உற்றுக் கேட்டதே இல்லை. பஸ் கியர் மாற்றுவது, பாண்காரனின் ஹோர்ன், கடற்கரை ரயில், மேல்வீட்டில் ஒரு கதவு அடிபடுவது. ஒவ்வொன்றுக்கும் என் உயிர் போய் வந்தது. றேடியோவைப் போட்டேன், நிறுத்தினேன், திரும்பப் போட்டேன். சாமிப்படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். யாரும் சாகக்கூடாது என்று நான் கும்பிடவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று கும்பிட்டேன். நாளைக்கு நடந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கு மட்டும் வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கம்தான். ஆனால் அப்படித்தான் கும்பிட்டேன்.

மூன்று மணி இருக்கும். காலி வீதிப் பக்கம் பெரிய வெடிச் சத்தம். காகங்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின. கடைகளின் ஷட்டர்கள் இழுபடும் சத்தம் கேட்டது. நான் செருப்பும் இல்லாமல் ஒழுங்கையால் ஓடினேன். சனம் எதிர்ப்பக்கம், கடலை நோக்கி ஓடிவந்தது. யாரோ என்னைப் பிடித்து இழுத்தார்கள், உதறிவிட்டு ஓடினேன். எங்கே, எத்தனை பேர் என்று எனக்குத் தோன்றவில்லை. முடிந்தது, அண்ணனைக் கொன்றுவிடுவார்கள், நான்தான் கொன்றேன் என்பது மட்டும்தான்.

சந்தியில் சீமெந்து லொறி ஒன்று ஒருபக்கம் சரிந்து நின்றது. பின் ரயர் கிழிந்து ரோட்டில் கிடந்தது. ட்ரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். ஒரு ஆமிக்காரன் சிரிக்கத் தொடங்கினான். பயந்துபோனவன் சிரிக்கிற சிரிப்பு. நான் அந்த இடத்திலேயே நடைபாதையில் இருந்துவிட்டேன். டோரின் மிசி வந்து கூட்டிக்கொண்டு போகும்வரைக்கும் என்னால் எழும்ப முடியவில்லை.

அன்றைக்கு வேறு ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விட்டார்கள். ஒரு புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சொப்பிங் பையையும் திருப்பித் தந்தார்கள். பதினேழாம் புத்தகம் மட்டும் அதில் இல்லை. அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். நானும் இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டேன். அவ்வளவு நன்றியாக இருந்தது எனக்கு.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்து அண்ணன் கட்டிலில் இருந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நாலு நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் எனக்குக் கோபமாகத்தான் வெளியில் வந்தது.

"உங்களை ஆர் பதினேழு எண்டு சொல்லச் சொன்னது? நீங்கள் ஒண்டு எண்டுதான் சொல்லுவியள் எண்டு நான் அந்தாளிட்ட அடிச்சுச் சொன்னனான். அதைச் சொல்லியிருந்தா திங்கட்கிழமையே வந்திருக்கலாம். எனக்காகப் பொய் சொல்லுங்கோ எண்டு நான் கேட்டனானா?"

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஒண்டு எண்டுதான் சொன்னனான்" என்றார்.

"என்ன?"

"அந்தாள் வந்து கேட்ட உடன. எதில இருந்து தொடங்கிறது எண்டு. ஒண்டு எண்டு சொன்னனான். எழுதினது. எழுதிப்போட்டு வெளியில போயிட்டுது. பிறகு வேற ரெண்டு பேர் வந்தாங்கள். அதே கேள்வி." கோப்பையைப் பிடிக்க முடியாமல் கட்டிலில் வைத்தார். "நான் ஒண்டு ஒண்டு எண்டு சொல்லிக்கொண்டுதான் இருந்தனான், அன்னம். எத்தினை தரம் எண்டு தெரியாது. கடைசியில அந்தக் கடுதாசியில என்ன இருந்தது எண்டு யோசிச்சுப் பார்த்து அதைச் சொன்னனான். அதோட விட்டாங்கள்."

எங்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அந்த மனிதர் சொன்னபோது, என் மறுமொழியும் அண்ணனின் மறுமொழியும் அவருடைய கையில் இருந்த கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. ஒன்று. ஒன்று. அவரே எழுதியது. உள்ளே போன முதல் நிமிடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் அந்த இரண்டு பேரையும் அனுப்பியிருக்கிறார்.

பொய் சொன்னால் மாட்டுவோம் என்று அதுவரைக்கும் பயந்திருந்தேன். உண்மை சொன்னால் விடுவார்கள் என்ற நம்பிக்கை ஒரு மூலையில் இருந்தபடியால்தான் அந்தப் பயத்தோடு சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், லைப்ரரி நடத்தினேன். அந்த மூலையும் அன்றைக்கு இல்லாமல் போனது.

கோப்பையை எடுத்து, ஊதி, அண்ணனின் வாயில் பிடித்தேன்.